கைமாறினாலும் உரிமை மாறாது

எமது விவசாயக் குடும்பங்களின் சேமிப்புப் பெரும்பாலும் வங்கிப் புத்தகத்தில் இருப்பதில்லை. வெங்காயம் நல்ல விலைக்குப் போன வருடத்தில் ஒரு சோடிக் காப்பு, காலபோகம் கைகொடுத்த வருடத்தில் மகளுக்கு ஒரு சங்கிலி, மிஞ்சிய காசில் ஒரு பசுக்கன்று, கடன்பட்டு வாங்கிய நீரிறைக்கும் இயந்திரம் என்று அது தாயின் கழுத்திலும் மாட்டுப் பட்டியிலும் கிணற்றடியிலும் சேர்ந்திருக்கும். காணியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஆகவே இடம்பெயரும் நாளில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் முழுவதும் ஒரு சீலைத் தலைப்பு முடிச்சுக்குள் அடங்கிவிடுகின்றது.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்த மக்களுக்கும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம்விட்டு இடம் ஓடிய மக்களுக்கும் இதனை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொண்டுபோக முடியாததை அயலவரிடமோ உறவினரிடமோ நம்பிக் கொடுத்துச் சென்றவர்கள் பலர். கொண்டுபோனதை நலன்புரி நிலையத்திலோ இன்னொருவர் வீட்டு விறாந்தையிலோ வைத்து இழந்தவர்களும் பலர். துப்பாக்கி முனையில் பறிகொடுத்த கதைகள் வேறு. நாம் இங்கு பேச முற்படுவது, நன்றாக அறிந்த ஒருவரே எடுத்து விற்றுவிட்ட பொருட்களைப் பற்றியதாகும். ஏனெனில், மீட்பதற்கு ஓரளவு வழி இருந்தும், அதிகமாகக் கைவிடப்படுவது இத்தகைய பொருட்களே.

ஏன் கைவிடுகின்றார்கள் என்று கேட்டால் மூன்று மறுமொழிகள் வருகின்றன. "வித்துப்போட்டினம், இனி என்ன செய்யிறது?" என்பது ஒன்று. "வாங்கினவர் காசு குடுத்துத்தானே வாங்கினவர், அவரிட்டை எப்பிடிக் கேட்கிறது?" என்பது இரண்டாவது. "எங்கட ஆளை நாங்களே பொலிசிலை குடுக்கிறதோ?" என்பது மூன்றாவது. முதலிரண்டும் சட்டத்தை அறியாமையால் வருபவை. மூன்றாவது மனதைப் பற்றியது. மூன்றுக்கும் விடை காண்பது அவசியம் என நாம் கருதுகின்றோம்.

விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு இல்லை

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நலன்புரி நிலையத்தில் இருந்த தாய் ஒருவர், வைத்தியசாலைக்குப் போகும்போது தமது ஐந்து பவுண் தாலிக்கொடியைப் பக்கத்துக் கொட்டிலில் இருந்த அறிமுகமானவரிடம் கொடுத்து வைக்கின்றார். திரும்பி வந்து கேட்டபோது இன்று, நாளை என்று நாள் கடத்தப்படுகின்றது. பின்னர்தான் அது நகரத்துக் கடையொன்றில் விற்கப்பட்டதும், கடைக்காரர் அதனை வேறொருவருக்கு விற்றதும் தெரியவருகின்றது. இப்போது அந்தத் தாலிக்கொடி யாருடையது?

அது இன்னும் அந்தத் தாயினுடையதே. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் கூறும் பொதுவிதி இதுதான்: உரிமையாளர் அல்லாத ஒருவர், உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு பொருளை விற்றால், வாங்குபவருக்கு விற்றவரிடம் இருந்ததைவிட மேலான உரிமை எதுவும் கிடைப்பதில்லை. கடைக்காரர் முழு விலையும் கொடுத்திருக்கலாம். அவரிடமிருந்து வாங்கியவர் எதுவுமே அறியாத அப்பாவியாகவும் இருக்கலாம். இருப்பினும் பொருள் உரியவரிடம் போகவேண்டும். கொடுத்த காசை அவரவர் தமக்கு விற்றவரிடமே கேட்டுப் பெறவேண்டும். உரியவர் தமது பொருளைத் தாமே காசு கொடுத்து மீட்கவேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை.

இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. "நீரே நல்ல விலைக்கு வித்துத் தாரும்" என்று நாமே பொருளைக் கொடுத்திருந்தால், வாங்கியவரிடம் போய் அதனைத் திருப்பிக் கேட்க முடியாது. விற்ற காசை ஒளித்தவரிடமே நமது கோரிக்கை. அதேபோல, பொய் சொல்லியோ காசில்லாத காசோலையைக் காட்டியோ ஒருவர் நம்மிடமிருந்து பொருளை விலைக்கு வாங்கி, நாம் அந்த விற்பனையை மறுதலிப்பதற்கு முன்னர் வஞ்சகம் எதுவும் அறியாத இன்னொருவருக்கு விற்றுவிட்டால், அந்த இன்னொருவரின் உரிமையைச் சட்டம் காப்பாற்றும். ஆகவே ஏமாற்றப்பட்டோம் என்று அறிந்த நாளே செயற்பட வேண்டிய நாளாகும்.

நடந்த குற்றத்துக்கு ஒரு பெயர் உண்டு

எமது மக்கள் எல்லாவற்றையும் "களவு" என்றே சொல்வார்கள். சட்டம் பிரித்துப் பார்க்கின்றது. நாம் அறியாமல் எடுத்தால் களவு. அது குடியிருக்கும் வீட்டுக்குள் நடந்தால் தண்டனை கூடியது. ஏழு ஆண்டுகள் வரை மறியல் விதிக்கலாம். பாதுகாக்கும்படி நாமே நம்பிக் கொடுத்ததை நேர்மையீனமாகத் தமதாக்கினாலோ விற்றாலோ அது நம்பிக்கை மோசடி. தண்டனைச் சட்டக்கோவையின் 388 ஆம், 389 ஆம் பிரிவுகள் அதனைக் கூறுகின்றன. பொய் சொல்லி நம் கையாலேயே கொடுக்கச் செய்தால் அது ஏமாற்றுதல்.

"நீங்கள்தானே உங்கட கையாலை குடுத்தனீங்கள், அது களவில்லை" என்று யாராவது திருப்பி அனுப்பினால், அந்த மறுமொழி பாதிதான் சரி. அது களவல்லாவிடினும் குற்றமே. 393 ஆம் பிரிவின்படி, நம்பிக்கை மோசடியாலும் ஏமாற்றுதலாலும் கைமாறிய பொருளும் "களவாடப்பட்ட பொருள்" என்றே கொள்ளப்படும். அவ்வாறான பொருளெனத் தெரிந்தோ, தெரிந்துகொள்ளப் போதிய காரணம் இருந்தோ, அதனை நேர்மையீனமாகப் பெற்றுக்கொள்பவர் 394 ஆம் பிரிவின் கீழ் குற்றவாளியாவார். அரைவிலைக்குத் தாலிக்கொடி வாங்கும் கடைக்காரர் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிச் சுலபமாகத் தப்பிவிட முடியாது.

என்ன செய்யலாம்?

முதலாவது வழி பொலிஸ் முறைப்பாடு. குற்றம் நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில், தெரியவந்த உடனேயே செய்யவேண்டும். வாய்மூலம் சொன்னால் அதனை அவர்கள் எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் பெறவேண்டும் என்பது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் ஏற்பாடாகும். தமிழில் முறைப்பாடு செய்ய எமக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதப்பட்டதில் கையொப்பமிட வேண்டாம். முறைப்பாட்டின் திகதியையும் இலக்கத்தையும் குறித்துக்கொண்டே வெளியே வரவேண்டும். யார் எடுத்தார் என்பதோடு நின்றுவிடாமல், பொருளின் நிறை, வடிவம், அடையாளம், எங்கே விற்கப்பட்டது அல்லது அடைவு வைக்கப்பட்டது என்பவற்றையும் சொல்ல வேண்டும். பொருளைத் தேடுவதற்கு இந்த விபரங்களே உதவும்.

தேசவழமைக்கு உட்பட்ட பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, மனைவியின் தனிச் சொத்தாகவுள்ள அசையும் பொருட்களைக் கையாளக் கணவரின் சம்மதம் தேவையில்லை. கணவர் காணாமற் போயிருந்தாலும், வெளிநாட்டில் இருந்தாலும், "உறவு முறிஞ்சுபோம்" என்று தயங்கினாலும், தமது நகைக்காக அந்தப் பெண் தாமே முறைப்பாடு செய்யலாம்.

பொலிஸார் பொருளைக் கைப்பற்றினால் அதனை நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். உரித்துடையவரிடம் பொருளை ஒப்படைப்பது பற்றி நீதவான் கட்டளையிடுவார். வழக்கு முடியும்வரை அது நீதிமன்றப் பெட்டகத்திலேயே கிடக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. பிணைமுறியில் கையொப்பமிட்டு, கேட்கும்போது கொண்டுவந்து காட்டும் நிபந்தனையுடன் பெற்றுக்கொள்ள விண்ணப்பிக்கலாம். வழக்கின் முடிவில், குற்றவாளியாகக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்றும் நீதவான் கட்டளையிட முடியும். பொருள் உருக்கப்பட்டுவிட்டால் எமக்கு மிஞ்சும் வழி பெரும்பாலும் இந்த நட்டஈடும் பெறுமதிக்கான வழக்குமே. பட்டறையில் நகை உருகுவதற்கு அதிக நேரம் எடுப்பதில்லை என்பதை மறந்துவிடலாகாது.

பொருள் விற்கப்படாமல் வங்கியிலோ அடைவு கடையிலோ இருந்தால், அவசரப்பட்டு நாமே காசு கட்டி மீட்பது எப்போதும் நல்லதல்ல. முதலில் முறைப்பாடு செய்து, அந்த அடைவு பற்றிப் பொலிஸார் நிறுவனத்துக்கு அறிவிக்கும்படி கேட்கவேண்டும். தவணை தவறினால் பொருள் ஏலத்துக்குப் போய்விடும். அடைவு வைத்தவர் சமாதானத்துக்கு வந்து துண்டைக் கையில் தந்தால், முதலையும் வட்டியையும் கட்டுவது யார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொலிஸார் நடவடிக்கை எடுக்காவிடில் அத்தோடு கதை முடிந்துவிடுவதில்லை. மேலதிகாரிக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். நீதவான் நீதிமன்றத்தில் நேரடியாகத் தனிப்பட்ட முறைப்பாடு தாக்கல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. அது எழுத்தில் இருக்குமாயின் சட்டத்தரணி ஒருவர் வரைந்து கையொப்பமிட வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்காகவே 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஆலோசனை கேட்பதற்குக் காசு தேவையில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் பொருளையோ அதன் பெறுமதியையோ கேட்டுச் சிவில் வழக்குத் தொடர்வதும் ஒரு வழியே. அது செலவும் காலமும் பிடிக்கும் வழியாதலால், சிறிய பொருளுக்காக அதில் இறங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபைகளும் உள்ளன. சிறிய பெறுமதியுள்ள பிணக்குகள் பல முதலில் அங்கேதான் அனுப்பப்படுகின்றன. அங்கு சட்டத்தரணிகள் தோற்றுவதில்லை. இரு பகுதியினரும் நேரில் இருந்து பேசுவர். உறவை முற்றாக முறிக்க விரும்பாதவர்களுக்கு இது பொருத்தமான வழி. இணக்கம் ஏற்பட்டால் எந்தப் பொருள், எத்தனை பவுண், எந்தத் திகதி, தவணையாயின் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எழுதப்பட வேண்டும். இணக்கம் ஏற்படாவிடில் அதற்கான சான்றிதழைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றம் செல்லலாம்.

காலம் எமக்காகக் காத்திருப்பதில்லை

"வெள்ளாமை வெட்டட்டும், தாறன்" என்ற வார்த்தையை நம்பி இரண்டு, மூன்று போகங்கள் கழிந்துவிடுகின்றன. 1871 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அந்த வார்த்தையைக் கணக்கில் எடுப்பதில்லை. நட்டஈட்டுக் கோரிக்கைகளுக்கு இரண்டு ஆண்டுகள், வேறு பல கோரிக்கைகளுக்கு மூன்று ஆண்டுகள் என்று சிவில் வழக்குகளின் கதவு மூடிக்கொள்ளும். போரினால் வழக்குத் தொடர முடியாமற் போனவர்களுக்காக 2016 இல் விசேட சட்டமொன்று வந்தது உண்மை. ஆனால் அது காணி போன்ற அசையாச் சொத்துக்களுக்கே உரியது. நகைக்கும் மாட்டுக்கும் அதனை நம்பியிருக்க முடியாது.

குற்ற வழக்குக்கான காலம் நீண்டது. கொலை, இராஜத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு, குற்றம் நடந்து இருபது ஆண்டுகள் கழியும்வரை வழக்குத் தொடரலாம். 2009 மே மாதத்தில் நடந்த ஒரு களவுக்கு 2029 மே வரை இடமுண்டு. நம்பிக் கொடுத்த பொருளாயின் கொடுத்த நாளைப் பார்ப்பதில்லை. அதனை மோசடி செய்த நாளே கணக்கு. 2008 இல் கொடுத்து வைத்த பொருளை ஒருவர் 2015 இல் விற்றிருந்தால், 2015 இலிருந்தே எண்ணவேண்டும். இவ்வாறான பழைய விடயங்களில் சாட்சி கிடைப்பது கடினம். ஆயினும், "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று தாமே தீர்ப்பெழுதுமுன், சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

உறவும் வெட்கமும்

மூன்றாவது மறுமொழிக்கு வருவோம். "எங்கட ஆளை எப்பிடிக் குடுக்கிறது?" இந்தக் கேள்வியில் ஒரு நல்ல குணம் இருக்கின்றது. அகதி வாழ்வில் ஒருவரை ஒருவர் தாங்கியே எமது மக்கள் உயிர் பிழைத்தார்கள். எடுத்தவரும் பசியில் எடுத்திருக்கலாம். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. இவற்றை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இந்த இரக்கத்தின் விலையை யார் கொடுக்கின்றார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பெண்ணின் நகை. விதைநெல்லுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வைத்திருந்த கடைசிப் பொருள். "சண்டை வேண்டாம், விடு" என்று சொல்லும் ஆண்களின் கழுத்திலிருந்து போனதல்ல அது. மன்னிப்பது வேறு, உரிமையைக் கைவிடுவது வேறு. எடுத்தவரை மன்னிக்கலாம். எடுத்த பொருளைத் திருப்பித் தரும்படி கேட்பதால் அந்த மன்னிப்புக் குறைந்துவிடாது. கேட்காமல் விட்டால், அடுத்த கொட்டிலிலும் அதே கை நீளும்.

"சுவாமி, நீங்கள் ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ" என்று எம்மைப் போன்றவர்களிடம் வருவோர் பலர். சொல்லிப் பார்க்கின்றோம், சில வேளைகளில் பலனும் கிடைக்கின்றது. ஆனால் எமது சொல் பொலிஸ் முறைப்பாட்டுக்கும் எழுத்திலான இணக்கத்துக்கும் ஈடாகாது. பேச்சு ஒருபுறம் நடக்கட்டும். முறைப்பாடு மறுபுறம் பதிவாகட்டும். பொருள் கைக்கு வருமுன் "எல்லாம் தீர்ந்தது" என்று எந்தக் கடதாசியிலும் கையொப்பமிட வேண்டாம்.

அதேபோல, நாலு பேரைக் கூட்டிச் சென்று அடிப்பதும், வீடு புகுந்து பொருளை அள்ளி வருவதும், ஆயுதபலம் உள்ளவரை ஏவுவதும் கூடாது. நேற்றுவரை முறைப்பாட்டாளராக இருந்தவர் இன்று எதிரியாகக் கூண்டில் நிற்கவேண்டி வரும். துப்பாக்கியால் தீர்த்த பிணக்குகள் எமது கிராமங்களுக்குச் செய்தது என்ன என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள்.

நாம் வாங்கும் பொருள் யாருடையது?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடமுடியாது. இடம்பெயர்ந்தோர் விட்டுப்போன வீடுகளின் கதவு, யன்னல், ஓடு, இயந்திரம் என்பன மலிவு விலைக்குக் கைமாறியபோது, அவற்றை வாங்கியவர்களும் எமது மக்களே. வீடிழந்தவர் ஒருவரே இன்னொரு வீடிழந்தவரின் கதவைத் தமது கொட்டிலுக்குப் பூட்டிய கொடுமையும் நடந்தது. எமது பொருளைத் திருப்பிக் கேட்கும் உரிமை எமக்கு உண்டென்றால், பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் எமக்கு உண்டு. மாடு வாங்குபவர் குறியைப் பார்த்து, 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின்படியான உரிமைச் சீட்டைக் கேட்டு வாங்கவேண்டும். நீரிறைக்கும் இயந்திரம் வாங்குபவர் அதன் இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் பார்க்கவேண்டும். சீட்டில்லாத மலிவு, யாரோ ஒரு குடும்பத்தின் கண்ணீர்.

இனியாவது எழுதி வைப்போம்

பொருள் தமதென்று நிரூபிக்க முடியாமையே இத்தகைய முறைப்பாடுகள் பலவற்றின் பலவீனம். எல்லாச் சங்கிலியும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பியில் தமது நகைகளின் நிறை, செய்த பத்தர், அடையாளம், இயந்திரங்களின் இலக்கம், மாடுகளின் குறி என்பவற்றை எழுதி வைக்கவேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வேறிடத்தில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வைக்கலாம். கலியாண வீட்டுப் படங்களும் நல்ல சாட்சியே. எவரிடமாவது பொருளை ஒப்படைக்கும்போது, "பாதுகாப்புக்காக மட்டும், விற்கவோ அடைவு வைக்கவோ அனுமதியில்லை" என்று திகதியிட்டு எழுதி, இரு பகுதியினரும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். கிராம சேவையாளரோ, பாடசாலை அதிபரோ, மதகுருவோ சாட்சியாகலாம். அண்ணன் தம்பிக்கிடையே எழுத்து எதற்கு என்று வெட்கப்படத் தேவையில்லை. அந்த எழுத்தே அண்ணனையும் தம்பியையும் பின்னர் பகையாகாமல் காக்கும்.

மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இந்தப் பதிவை ஒரு கூட்டு வேலையாக எடுத்துச் செய்யலாம். ஒரு மாதக் கூட்டத்தை இதற்கென ஒதுக்கி, எழுதத் தெரியாத தாய்மாருக்கு எழுதிக் கொடுக்கலாம். முறைப்பாடு செய்யப் போகும் பெண்ணோடு இருவர் கூடச் செல்லலாம். தனியாகப் போய்த் திரும்பி வந்தவர், துணையோடு போனால் வாசலில் நின்று தயங்கமாட்டார். காணியைப் பெறுவதற்காக ஆண்டுக்கணக்கில் மனுவும் கையுமாக அலைந்த எமது மக்களுக்கு, ஒரு தாலிக்கொடிக்காக ஒருநாள் பொலிஸ் நிலையப் படியேறுவது முடியாத காரியமல்ல. அடுத்த கூட்டத்துக்கு ஒரு கொப்பியோடு வாருங்கள்.